குன்றுக்கு விசாரிக்கப் போனவர்

அருமைராசா அண்ணையும் நானும் மொன்றியலில், ஷபனேல் தெருவில் இருந்த ஒரு கோட்டுத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் ஒரே மாடியில் வேலை செய்தோம். நான் துணி வெட்டும் மேசையில். அவர் செக்கர். தைத்து முடிந்த கோட்டுகள் எல்லாம் கடைசியாக அவருடைய கைக்குத்தான் வரும். உள்பக்கத்தைப் புரட்டி, கைக்குழியைத் தடவி, பொத்தான் ஒவ்வொன்றையும் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். நூறு கோட்டில் ஒன்றில் தையல் நழுவியிருந்தாலும் அவருடைய விரல் அங்கே போய் நின்றுவிடும். "இது ஆரோ அவசரத்தில தைச்சது," என்பார். யார் தைத்தது என்றும் பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

அந்தக் கண்ணைத் தொழிற்சாலையில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை அவர். தெருமூலை டெப்பனேர் கடையில் பால் வாங்கினால் முன்வரிசைப் பெட்டியைத் தொடமாட்டார். கையை ஆழ விட்டுப் பின்னால் இருப்பதைத்தான் எடுப்பார். அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தால் உறையைக் கிழிக்கும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தொலைபேசியில் யாராவது "அருமைராசாவோ?" என்றால் "ஓம்" என்று சொல்லமாட்டார். "நீங்கள் ஆர்?" என்றுதான் கேட்பார்.

நாங்கள் சிரிப்போம். ஆனால் அந்தச் சந்தேகம் அவருடைய குடும்பத்தை ஒரு தரம் காப்பாற்றியிருக்கிறது. எண்பத்தேழில் யாழ்ப்பாணத்தில், இளவாலையில் இருந்தபோது, தினமும் றோட்டால் போகிற ஆமி ஜீப் இரண்டு நாளாக வரவில்லை என்பதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். மனைவி சிசிலியையும் ஐந்து வயது மகள் ஜொய்சியையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அவர்கள் வீட்டுக் கூரையில் ஷெல் விழுந்தது. தொழிற்சாலை விஷயத்திலும் அப்படித்தான். 2005 தொடக்கத்தில், நூல்பெட்டி புதிதாக இறங்கவில்லை என்று கண்டுவிட்டு, "உதை மூடப் போறாங்கள்," என்றார். ஓகஸ்ட் மாதம் மூடினார்கள். அதனால் அவருடைய சந்தேகத்தை முழுப் பைத்தியம் என்று தள்ளவும் முடியாது.

வேலை போன பிறகு அவருக்குப் பார்க்கக் கோட்டு இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் டெக்லன் வந்தான்.

ஜொய்சி அப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள விவசாய வளாகத்தில் உணவு விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தாள். டெக்லன் ஹெஃபர்னன் அயர்லாந்துக்காரன், அதே வளாகத்தில் ஆராய்ச்சி மாணவன். பால் மாடுகள் தின்கிற புல்லைப் பற்றி ஆராய்ச்சி. "புல்லைப் படிக்க ஒருத்தன் கடல் தாண்டி வருவானோ?" என்று அருமைராசா அண்ணை என்னிடம் கேட்டார். அவன் கத்தோலிக்கன் என்று சிசிலி அக்காவுக்கு நிம்மதி. அண்ணைக்கு அதுவே ஒரு சந்தேகம்: "அதைத்தானே முதல் சொன்னவன். ஏன் அதை முதல் சொல்லவேணும்?"

2006 பெப்ரவரியில் அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டாம் மாடி வீடு. பையன் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து, இடியப்பத்தைக் கையால் தின்று, சொதி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினான். தன் அம்மா ப்ரீடா, நொக்கல்லன் என்கிற குன்றில் வழிகாட்டியாக வேலை செய்கிறா என்றான். மேலே பழைய தேவாலயம், கோபுரம், கண்காட்சி எல்லாம் இருக்கிறது, சுற்றுலாக்காரருக்கு அதையெல்லாம் காட்டி விளங்கப்படுத்துவது அவவுடைய வேலை என்றான்.

"அப்பா?" என்று அருமைராசா அண்ணை கேட்டார்.

"இறந்துவிட்டார். எனக்குப் பதினேழு வயதில்."

"என்ன வருத்தம்?"

டெக்லன் முதலில் ஜொய்சியைப் பார்த்தான். பிறகு நெஞ்சில் கை வைத்தான். "இதயம்."

அண்ணை தலையாட்டினார். அவன் ஜொய்சியைப் பார்த்ததை மட்டும் மனதில் குறித்துக்கொண்டார்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, தாய், தகப்பன், மகள் மூன்று பேரும் லவாலுக்குச் சப்பாத்து வாங்கப் போனார்கள். ஜொய்சிதான் கார் ஓடினாள். யாரோ ஒருவன் குறுக்கே வெட்டிக்கொண்டு போக, சிசிலி அக்கா பின்னாலிருந்து, "ஏன் பிள்ளை எப்பவும் நீயே ஓடுறாய், டெக்லனை ஓடச் சொல்லலாமே," என்றா.

"அவன் கார் தொடமாட்டான் அம்மா. அவன்ர அப்பா கார் அக்சிடென்ற்றிலதானே செத்தவர்."

அண்ணை முன் சீற்றில் இருந்தார். சப்பாத்துக் கடையில் விலைச்சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து ஜொய்சி போன பிறகுதான் மனைவியிடம் கேட்டார்:

"இதயமோ, காரோ?"

"என்ன?"

"அவன் இதயம் எண்டான். இவள் கார் எண்டுறாள். ஒரு மனிசன் ரெண்டு தரம் சாவானோ?"

"செத்த மனிசனை விடுங்கோவன்," என்றா சிசிலி அக்கா. "பிள்ளையைக் கேட்டாத் தெரியுந்தானே."

"கேட்டா ரெண்டு பேரும் கதையைச் சரியாக்கிப் போடுவினம். பேந்து எனக்கு உண்மை வராது."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். சாவைப் பற்றிச் சொல்லப்படும் பொய்யை அவர் ஏன் இவ்வளவு கெதியாகக் கண்டுபிடித்தார் என்றால், அப்படியொன்று அவரிடமே இருந்தது. அவருடைய தம்பி செபமாலை இளவாலையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவன். எண்பத்தெட்டில் ஆயுதம் வைத்திருந்த ஆட்கள் சிலர் அவனைக் கொண்டுபோய், காட்டிக்கொடுத்தவன் என்று அட்டை எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டுச் சுட்டுப் போட்டார்கள். மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து அண்ணை எல்லோரிடமும், என்னிடமும், தம்பி ஷெல் விழுந்து செத்தான் என்றுதான் சொன்னார். ஜொய்சிக்கும் அதுதான் தெரியும். 'துரோகியின்ர அண்ணன்' என்ற பெயர் கடல் தாண்டியும் வரும் என்று அவருக்குப் பயம்.

அதனால் டெக்லன் வீட்டார் எதையோ மூடுகிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எதை என்பதுதான் கேள்வி. தகப்பன் சாகவேயில்லை, எங்கேயோ இன்னொருத்தியோடு இருக்கிறானோ? ஏதும் குற்றம் செய்து மறியலில் இருக்கிறானோ? தலையில் ஏதும் வருத்தமோ, பரம்பரை வருத்தமோ? எங்கள் ஊரில் சம்பந்தம் பேசுகிறபோது நாலு பேரை அனுப்பி விசாரிப்போம். அயர்லாந்துக்கு யாரை அனுப்புவது? தானே போவது என்று முடிவெடுத்தார்.

லண்டனில் அவருடைய பெரியம்மாவின் மகன் யோசெப் இருந்தார். யோசெப்புக்கு முழங்காலில் ஒப்பரேஷன், பார்த்துவிட்டு வாறன் என்று வீட்டில் சொல்லிவிட்டு செப்டம்பரில் விமானம் ஏறினார். முழங்கால் ஒப்பரேஷன் உண்மைதான். அண்ணை லேசில் முழுப் பொய் சொல்லமாட்டார். யோசெப் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு விஷயத்தை அவரிடம் சொன்னார்.

"அண்ணை, இது விசர் வேலை," என்றார் யோசெப், காலைக் கதிரையில் நீட்டியபடி. "போன் நம்பரை வாங்கி அந்த மனிசியோட கதையுங்கோ."

"போனில முகம் தெரியாது."

லண்டனில் விமானங்களை வெடிக்கவைக்கச் சதி என்று ஓகஸ்ட்டில் ஆட்களைப் பிடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. டப்ளினுக்கு ஏறப் போன விமான நிலையத்தில் அண்ணையின் இருமல் மருந்தைக் குப்பையில் போட்டார்கள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். அவரை மட்டும் இரண்டு தரம் தடவினார்கள். திரும்பி வந்து இதை என்னிடம் சொல்லும்போது அவருக்கு அதில் கோபம் இருக்கவில்லை. "செக் பண்ணட்டும். ஆனா செக் பண்ணத் தெரியேல்ல. கோட்டின்ர உள்பொக்கெற்றை ஒருத்தனும் பாக்கேல்ல," என்றார்.

டப்ளினிலிருந்து பஸ்ஸில் மூன்று மணித்தியாலம். அந்தச் சின்னப் பட்டினத்துக் கடைத்தெரு முடிகிற இடத்திலேயே குன்று தொடங்கிவிடுகிறது. பச்சையாய் ஒரு மேடு, அதன் உச்சியில் கூரை இல்லாத கல் தேவாலயம், பக்கத்தில் பென்சிலை நட்டதுபோல ஒரு வட்டக் கோபுரம், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கில் ஒரு கற்சிலுவை. சரிவில் செம்மறிகள். மேலே ஏறினால் காற்று சட்டைக்குள் புகுந்து மறுபக்கத்தால் வெளியே வரும். நுழைவில் தாழ்ந்த கல் வீடு ஒன்று. ரிக்கெற் கொடுப்பதும் அங்கே, கண்காட்சியும் அதற்குள்ளே.

செவ்வாய்க்கிழமை காலை ரிக்கெற் எடுத்துக்கொண்டு போய் ஏழெட்டுச் சுற்றுலாக்காரருக்குப் பின்னால் நின்றார். அவ வந்தா. ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். வெட்டிய நரைமுடி, பச்சை மழைக்கோட்டு, நெஞ்சில் ப்ரீடா என்று பெயர் எழுதிய வில்லை. அண்ணை முதலில் பார்த்தது அந்த மழைக்கோட்டைத்தான். ஜிப் ஒருகாலம் பிய்ந்து, கையால் திருப்பித் தைத்திருந்தது. நல்ல தையல். அதைக் கையோடு கொண்டுவந்த கொப்பியில் எழுதவில்லை. குறைகளை எழுதத்தான் கொப்பி.

ப்ரீடா அந்தப் பெரிய சிலுவைக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தினா. ஒரு பெண் சிலுவையைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

"இது உண்மையானதோ?" என்று அண்ணை கேட்டார்.

ப்ரீடா அவரைப் பார்த்துச் சிரித்தா. "இல்லை. இது பிரதி. உண்மையானதை மழை தின்றுகொண்டிருந்தது, அதனால் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை."

சிலுவையைத் தொட்ட பெண் கையை எடுத்தாள். அண்ணைக்கு உள்ளூரத் திருப்தி.

கண்காட்சிக்குள் மங்கிய வெளிச்சம். மூலச் சிலுவை அங்கே நின்றது. அதில் செதுக்கியிருந்த அப்போஸ்தலர்களுக்கு முகம் இல்லை. எண்ணூறு வருட மழை வழித்துவிட்டது. அருகில் குன்றின் மாதிரி ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சை பிடித்த ஒரு கைமணி, சுவரில் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் இது மூலம், இது பிரதி, இது எங்கள் ஊகம் என்று எழுதியிருந்தது. அண்ணை எல்லாவற்றையும் வாசித்தார். 'எங்கள் ஊகம்' என்று ஒரு கண்காட்சியில் எழுதிவைப்பதை அவர் அதற்கு முன் கண்டதில்லை. இவ்வளவு நேர்மை எதற்கு என்று அதிலும் சந்தேகப்பட்டார்.

அந்த மணியைப் பற்றி ப்ரீடா ஒரு கதை சொன்னா. கொள்ளைக்காரர் வந்தபோது துறவிகள் மணியைக் கிணற்றில் போட்டுவிட்டு ஓடினார்கள். இருநூறு வருடம் கழித்துத் தண்ணீர் அள்ள வந்த ஒரு சிறுமியின் வாளியில் அது ஏறி வந்தது. நல்ல கதை. பின்னேரம் அண்ணை இன்னொரு ரிக்கெற் எடுத்து, இரண்டாம் முறையும் போனார். இம்முறை மணியைக் கண்டுபிடித்தது சிறுமி இல்லை, கண் தெரியாத ஒரு கிழவன். கிணற்றுக்குள் அது தானாக அடிப்பது அவனுக்கு மட்டும் கேட்டது.

அண்ணை கொப்பியை எடுத்து எழுதினார்: காலை, சிறுமி. பின்னேரம், கிழவன்.

தாயும் மகனும் ஒரே மாதிரி. ஒரு சம்பவம், இரண்டு கதை. புதன்கிழமை மூன்றாம் தரம் போய், ஆட்களுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்: "நேற்றுக் காலையில் நீங்கள் சிறுமி என்று சொன்னீர்கள். பின்னேரம் கிழவன் என்றீர்கள். எது சரி?"

ப்ரீடாவின் கன்னம் சிவந்தது. "இரண்டும் எழுதப்பட்டிருக்கிறது," என்றா. "எது சரி என்று யாருக்கும் தெரியாது. ஒரே கதையை ஒரு நாளைக்கு நாலு தரம் சொன்னால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும், அதனால் மாற்றி மாற்றிச் சொல்கிறேன். நீங்கள் ஏன் மூன்று தரம் வந்தீர்கள்?"

"எனக்கு வரலாறு பிடிக்கும்," என்றார் அண்ணை. மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று மாலை, குன்றின் தெற்குச் சரிவில் உள்ள சேமக்காலைக்குள் இறங்கினார். கல்லறைகளில் பாதி காலத்தால் சாய்ந்தவை. கடைசி வரிசையில் தேடியது கிடைத்தது. மைக்கல் ஹெஃபர்னன், 16 நவம்பர் 1999, வயது 47. அப்படியென்றால் மனிதன் செத்தது உண்மை. எப்படி என்று கல்லில் இல்லை. பெயருக்குக் கீழே இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருந்தது. அண்ணை கமராவை எடுத்து நாலு படம் பிடித்தார். நிமிர்ந்தபோது, ரிக்கெற் கொடுக்கும் மீசைக்காரர் மேலே மதிலோரம் நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

மறுநாள் அவர் கண்காட்சிக்குள் நுழைந்தபோது பின்னால் கதவு மூடியது. உள்ளே மீசைக்காரரும் ஒரு பொலிஸ்காரரும் நின்றார்கள். பொலிஸ்காரர் இளவயது, மரியாதையாகத்தான் பேசினார்.

"ஐயா, உங்கள் பையைப் பார்க்கலாமா?"

எத்தனையோ சோதனைச் சாவடிகளைக் கடந்த மனிதர். கை தானாகவே உயர்ந்துவிட்டது. பொலிஸ்காரர், "கையை உயர்த்தத் தேவையில்லை," என்றதும் அவருக்கு வெட்கமாகிவிட்டது.

பைக்குள் கொப்பி. முதல் பக்கம் குன்றின் படம், வாசல்கள் குறித்தபடி. இரண்டாம் பக்கம் ப்ரீடா எத்தனை மணிக்கு வருகிறா, எப்போது சாப்பிடுகிறா, எப்போது போகிறா. அவவுடைய கார் நம்பர். எழுத்துகள் தமிழ், எண்கள் எல்லோருக்கும் விளங்குகிற எண்கள். பொலிஸ்காரர் பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவருடைய குரலில் இருந்த மரியாதை குறைந்துகொண்டு வந்தது.

"இது என்ன மொழி?"

"தமிழ்."

"இந்த நேரங்கள் என்ன?"

கொப்பியின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு போட்டோ கீழே விழுந்தது. பொலிஸ்காரர் குனிந்து எடுத்து, பார்த்துவிட்டு மீசைக்காரரிடம் நீட்டினார். மீசைக்காரரின் முகம் வெளுத்தது. "இது ப்ரீடாவின் மகன்," என்றார்.

ப்ரீடாவைக் கூப்பிட்டார்கள். அவ போட்டோவை வாங்கி, மங்கல் வெளிச்சத்தில் கிட்டப் பிடித்துப் பார்த்தா. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஆற்றங்கரையில் டெக்லனும் ஜொய்சியும் ஐஸ்கிறீம் தின்கிற படம். கனநேரம் பார்த்தா. பிறகு அண்ணையின் முகத்தைப் பார்த்தா. திரும்பவும் ஜொய்சியின் முகத்தை.

"அதே மூக்கு," என்றா. "நீங்கள் ஜொய்சியின் அப்பா."

"ஓம்," என்றார் அண்ணை, தமிழிலேயே.

பொலிஸ்காரர் போக அரைமணித்தியாலம் எடுத்தது. ப்ரீடா அண்ணையைப் பின்புறம் இருந்த சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. தேநீர் போட்டா. கோப்பையை மேசையில் வைத்த சத்தத்திலேயே அவவுடைய கோபம் தெரிந்தது.

"நீங்கள் தொலைபேசி எடுத்திருக்கலாம்."

"எடுத்திருக்கலாம்."

"என் கணவருடைய கல்லறையைப் படம் பிடித்தீர்களாம். ஏன்?"

அண்ணை தன் உடைந்த ஆங்கிலத்தில் நேராகச் சொன்னார். "உங்கள் மகன் இதயம் என்றான். என் மகள் கார் என்றாள். நான் ஒரு தகப்பன். எது உண்மை என்று பார்க்க வந்தேன்."

ப்ரீடா ஜன்னலடிக்குப் போனா. வெளியே ஒரு கூட்டம் சிலுவையருகே காத்து நின்றது. மீசைக்காரர் தானே அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

"இரண்டும்தான்," என்றா. "இங்கிருந்து நாலு மைலில் ஒரு பழைய கல்லுடைக்கும் குழி, முழுக்கத் தண்ணீர். மாட்டுச் சந்தையிலிருந்து வரும்போது கார் வேலியை உடைத்துக்கொண்டு அதற்குள் போய்விட்டது. இதயம் முதலில் நின்றிருக்கலாம், அதனால் கார் விலகியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். டெக்லன் அதைப் பிடித்துக்கொண்டான். நான் விபத்து என்று சொல்கிறேன், ஜொய்சி தொலைபேசியில் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னேன். இரண்டும் பொய் இல்லை."

தேநீரை ஒரு வாய் குடித்தா.

"மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள், ஒருவரும் என் முன்னால் சொன்னதில்லை. அந்த வருடம் எங்கள் பண்ணை சரியாக நடக்கவில்லை. அவர் பேசுவதையே குறைத்துவிட்டார். றோட்டில் பிரேக் பிடித்த அடையாளம் இல்லை என்றார்கள். ஏழு வருடமாக அந்த வளைவில் போய் நின்று பார்க்கிறேன். எனக்குத் தெரியாது. நீங்கள் என்னிடம் உண்மை கேட்டு வந்திருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்."

அண்ணை செக்கர் கேட்பதுபோலவே கேட்டார்:

"அன்றைக்கு மழையோ?"

"நவம்பர். இங்கே எப்போதும் மழைதான்."

"மழை என்றால் றோட்டில் அடையாளம் நிற்காது. பிரேக் பிடித்திருந்தாலும் தெரியாது. அடையாளம் இல்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது."

ப்ரீடா அவரை நிமிர்ந்து பார்த்தா. இதை ஆறுதலுக்காகச் சொல்கிறாரா, தெரிந்து சொல்கிறாரா என்று பார்க்கிற பார்வை. தெரிந்துதான் சொல்கிறார் என்று கண்டிருக்கவேண்டும். அவவுடைய தோள் கொஞ்சம் இறங்கியது.

"இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை," என்றா.

இரண்டாவது கோப்பை ஊற்றும்போது அவ கேட்டா: "உங்கள் குடும்பத்தில் நான் தெரிந்துகொள்ளவேண்டியது ஏதும் உண்டா? எனக்கும் ஒரே மகன்."

அருமைராசா அண்ணை என்னிடம் இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் நடையை நிறுத்திவிட்டார். பிறகொரு நாள், மொன்றியலில் ஜாரி பூங்காவில் நடந்துகொண்டிருந்தோம். "கேட்டவ, என்ர கண்ணைப் பாத்துக் கேட்டவ," என்றார். "நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

ப்ரீடா, "சரி," என்று மட்டும் சொன்னாவாம். பஸ் நிலையம் வரை தன் காரிலேயே கொண்டுவந்து விட்டாவாம். வழியில் இருவரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தார்கள்.

மொன்றியலில் அவருக்கு முன்னமே செய்தி வந்துவிட்டது. வாசலைத் திறந்த சிசிலி அக்கா பெட்டியை வாங்கவில்லை. ஜொய்சி குசினியில் நின்றாள்.

"கார் நம்பரையும் எழுதினீங்களாம் அப்பா! பொலிஸ் வந்ததாம்! நான் இனி அந்த மனிசியின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

"விசாரிச்சன். நல்ல குடும்பம்."

"அதை நான் உங்களைக் கேக்கேல்ல!"

மூன்று கிழமை அவள் தகப்பனோடு கதைக்கவில்லை. ஞாயிறு பூசைக்கு வந்தால் தாயின் மறுபக்கத்தில் இருந்தாள். அண்ணை என்னிடம் வந்து, "என்னில பிழையோ?" என்று கேட்டார். "போனது பிழை, கண்டது சரி," என்றேன் நான். அவர் அதை ஏற்கவில்லை. பிழை வேறெங்கேயோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அப்போது தெரியாது.

நாலாவது கிழமை ஒரு பின்னேரம், ஜொய்சி தன் உடுப்புகளை எடுக்க வீட்டுக்கு வந்தாள். அண்ணை அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னார். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"உன்ர சித்தப்பா ஷெல் விழுந்து சாகேல்ல," என்று தொடங்கினார்.

சொல்லி முடிக்கும்போது ஜொய்சி கதிரையில் இருந்துவிட்டிருந்தாள். அவளுக்கு அந்த ரேடியோக் கடை ஞாபகம் இருந்தது. தன்னை மேசையில் ஏற்றி வைத்து வால்வ் எரிவதைக் காட்டிய ஆள் ஞாபகம் இருந்தது.

"அவர் காட்டிக்குடுத்தவரோ அப்பா?"

"இல்லையெண்டுதான் நினைக்கிறன். ஆமிக்காரன் ஒருத்தன் ரேடியோ திருத்த வந்தவன், அவ்வளவுதான் நான் கண்டது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது, பிள்ளை. எத்தினையோ பேரைக் கேட்டன். தெரியாது."

"இதை ஏன் இப்ப எனக்குச் சொல்லுறீங்கள்?"

"அந்த மனிசி என்னைக் கேட்டவ. நான் ஒளிச்சுப்போட்டன். அவ ஒளிக்கேல்ல."

ஜொய்சி எழும்பிப் போய்த் தொலைபேசியை எடுத்து, இலக்கத்தை அழுத்தி, தகப்பனின் கையில் கொடுத்தாள். அயர்லாந்தில் அப்போது எத்தனை மணி என்று இருவரும் யோசிக்கவில்லை. ப்ரீடா தூக்கக் குரலில் எடுத்தா.

"நீங்கள் கேட்டதுக்கு நான் இல்லை என்றேன்," என்றார் அண்ணை ஆங்கிலத்தில். "அது பிழை. உண்டு." செபமாலையைப் பற்றிச் சொன்னார். இடையில் சொல் வராத இடங்களில் ஜொய்சி எடுத்துக் கொடுத்தாள்.

மறுமுனையில் ப்ரீடா விளக்கைப் போடுகிற சத்தம் கேட்டது.

"இதைச் சொல்ல எத்தனை வருடம் எடுத்தது உங்களுக்கு?"

"பதினெட்டு."

"எனக்கு ஏழுதான்," என்றா ப்ரீடா. "நாளைக்கு அவருடைய பெயருக்கு ஒரு பூசை கொடுக்கிறேன். பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்."

அவர் சொன்னார். அந்த நீளமான பெயரை அவ இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தா, இரண்டு தரமும் பிழை. மூன்றாம் தரம் சரியாக வந்தது.

அதற்குப் பிறகு அருமைராசா அண்ணை மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். கல்யாண மண்டபத்துக்காரனின் ஒப்பந்தத்தை மூன்று தரம் வாசித்தார். கேக் செய்கிற இடத்துக்குச் சொல்லாமல் போய் எட்டிப் பார்த்தார். டெக்லன் புல் ஆராய்ச்சியை முடித்து வேலை எடுத்தபோது, அந்தக் கொம்பனி நிலைக்குமா என்று விசாரித்தார். ஆனால் தம்பி எப்படிச் செத்தான் என்று யாராவது கேட்டால் இப்போது உள்ளதைச் சொல்கிறார். முதலில் அதைக் கேட்டவர்களில் நானும் ஒருவன். பங்குக் கோயிலில் ஒன்றிரண்டு பேர் முகம் கொடுக்காமல் விட்டார்கள். அவர் பயந்த அளவு இல்லை.

2008 யூனில் கல்யாணம். ப்ரீடா ஒரு கிழமை முன்னதாக வந்தா. விமான நிலையத்தில் எல்லோரும் வெளியே வந்த பிறகும் அவ வரவில்லை. அண்ணைக்கு உடனே சந்தேகம்: மனம் மாறிவிட்டாவோ, விமானத்தில் ஏறவேயில்லையோ? ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு சிவந்த முகத்தோடு வந்தா. பெட்டிக்குள் சொசேஜ் கொண்டுவந்ததைச் சுங்கத்தில் பிடித்துவிட்டார்களாம்.

இரண்டாம் நாள், "என்னைச் சுற்றிக் காட்டுங்கள்," என்றா. அண்ணை அவவைக் கூட்டிக்கொண்டு பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் நடந்தார். நானும் கூடப் போனேன். எந்தக் கடையில் மீன் பழசு, எந்தக் கட்டிடத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுகும், எந்த டாக்ஸிக்காரன் சுற்றிக்கொண்டு போவான் என்று அண்ணை சொல்லிக்கொண்டே வந்தார். ப்ரீடா ஒவ்வொன்றுக்கும் நின்று கேள்வி கேட்டா.

கணேசலிங்கத்தின் மரக்கறிக் கடையில் கறிவேப்பிலை வாங்க நுழைந்தோம். கணேசலிங்கம் ப்ரீடாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆர் அண்ணை இது? கவர்மெண்ட் ஆளோ? கடையைப் பாக்க வந்தவவோ?"

"சம்பந்தி," என்றார் அருமைராசா அண்ணை.

ப்ரீடா அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டா. நான் ஆங்கிலத்தில் தேடிப் பார்த்தேன், ஒரு சொல்லில் கிடைக்கவில்லை. "உங்கள் மகனும் அவருடைய மகளும் கல்யாணம் முடிப்பதால் நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் என்ன முறையோ, அது," என்றேன்.

"எங்களிடம் அதற்குப் பெயரே இல்லை," என்று சொல்லிவிட்டு, கறிவேப்பிலைக் கட்டைக் கையில் எடுத்து மணந்து பார்த்தா.

"அதை வையுங்கோ," என்றார் அண்ணை தமிழில், கையை நீட்டி. "உள்ளுக்க இருக்கிறது புதுசு."